மாஸ்க் யாரைப் பாத்து போட்டோம், யாரைப் பாத்து கழட்டுனோம்

"மாஸ்க் போட்டா பெருசா பயன் இல்லைன்னு 78 ஆய்வை ஒண்ணா சேத்து ஒரு பெரிய அறிக்கை வந்திருக்காம். அப்ப இத்தன வருசமா மூச்சு முட்ட முட்ட போட்டது, அபராதம் கட்டுனது எல்லாம் எதுக்கு? போலீஸ்காரங்களுக்காகத்தான போட்டோம்? யாராவது நேர்மையா சொல்லுங்க."

12 பிப்ரவரி 2023, இரவு

மேல இருக்கிறது ஒருத்தர் கேட்ட கேள்வி. பதில் சொல்ற நான் மதுரையில மெடிக்கல் ஷாப் கவுண்டர்ல நிக்கிறவன். கொரோனா காலம் முழுக்க கடை தொறந்துதான் இருந்துச்சு, அதனால ஊரு எப்படி மாஸ்க் போட்டுச்சுன்னு தெனமும் மூணடி தூரத்துல பாத்திருக்கேன்.

போலீஸுக்காக போட்டோம்ங்கிறது பாதி சரி. சிம்மக்கல் சிக்னல் பக்கம் வண்டிய மெதுவாக்கும்போது எல்லாருக்கும் மாஸ்க் மூக்குக்கு ஏறும், தாண்டுனதும் தாடைக்கு இறங்கும். ஆனா என்னைய உறுத்துனது அது இல்ல. ரோட்டுல வண்டியில தனியா போறவரு மூக்க மூடுனா என்ன மூடாட்டி என்ன, அங்க யாருக்கும் பெருசா ஒண்ணும் ஆகப்போறதில்ல. அதே ஆளு கடைக்கு வந்து வரிசையில ஒழுங்கா மாஸ்க்கோட நிப்பாரு, அவரு முறை வந்ததும் கவுண்டர்ல கைய ஊனி, மாஸ்க்க கீழ இழுத்து, "அண்ணே சுகர் மாத்திரை ரெண்டு அட்டை"ம்பாரு. வாய மூடிட்டு சும்மா நிக்கும்போது மாஸ்க் இருக்கு, வாயத் தொறந்து பேசும்போது இல்ல. பேசும்போதுதான வாயிலருந்து அத்தனையும் வெளிய வருது! அதுவும் எதிர்ல நிக்கிறவன் மூஞ்சிக்கு நேரா.

இத திமிருல செஞ்சாங்கன்னு நான் சொல்லமாட்டேன், முக்காவாசிப் பேர் மரியாதைக்குத்தான் செஞ்சாங்க. வாய மூடிக்கிட்டு ஒருத்தர்கிட்ட பேசுறது நம்ம ஊர்ல நல்ல பழக்கம் இல்ல, அதுவும் தெரிஞ்சவங்ககிட்ட. முகத்த காட்டித்தான் பேசணும்.

12 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழிச்சு

அபராதம் பத்தி கேட்டதால இது. தமிழ்நாட்டுல பொது சுகாதாரச் சட்டத்துல (1939ம் வருசச் சட்டம்) 2020 செப்டம்பர்ல திருத்தம் கொண்டுவந்து மாஸ்க் போடலன்னா 200 ரூபா, ரோட்டுல துப்புனா 500 ரூபான்னு வச்சாங்க. 2022 ஜனவரியில ஒமிக்ரான் ஏறுனப்ப மாஸ்க் அபராதமும் 500 ஆச்சு. ஊரு மாஸ்க் போட ஆரம்பிச்சது அதுக்கெல்லாம் முன்னாடியே, 2020 ஏப்ரல்ல. மத்திய உள்துறை ஏப்ரல் 15ம் தேதி உத்தரவுலதான் நாடு முழுக்க கட்டாயம்னு வந்துச்சு, ஆனா அதுக்கு முன்னாலயே கைக்குட்டையும் துண்டும் துப்பட்டாவும் மூஞ்சிக்கு ஏறியிருந்துச்சு. அது பயத்துல போட்டது. அபராதத்துல போட்டது பின்னாடி.

15 பிப்ரவரி 2023

அந்த அறிக்கை பத்தி. காக்ரேன்னு ஒரு அமைப்பு, ஒரே விசயத்துல நடந்த பரிசோதனைகள எல்லாம் அலசி சேத்து சொல்றவங்க, அவங்க போன மாசக் கடைசியில வெளியிட்டது. 78 பரிசோதனைங்கிறது மாஸ்க்குக்கு மட்டும் இல்ல, கை கழுவுறது மாதிரி மத்ததும் சேத்துத்தான். அதுல நெறைய கொரோனாவுக்கு முந்தி, சாதாரண ப்ளூ காய்ச்சல் சீசன்ல நடந்தது. அந்தப் பரிசோதனைகள்ல ஒரு கூட்டத்துக்கு மாஸ்க்க குடுத்து "போடுங்க"ன்னு சொன்னாங்க, இன்னொரு கூட்டத்துக்கு சொல்லல. சொன்னவங்கள்ல எத்தன பேர் உண்மையிலயே போட்டாங்க, எவ்வளவு நேரம் போட்டாங்கங்கிறது ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மாதிரி.

ஒரு ஊருக்கு கொசுவலை குடுத்துட்டு, அதுல பாதிப்பேர் ராத்திரி பத்து மணி வரைக்கும் திண்ணையில உக்காந்து பேசிட்டு அப்புறம் வலைக்குள்ள போனா, மலேரியா கொஞ்சமாத்தான் கொறையும். அதுக்காக வலை கொசுவ தடுக்காதுன்னு சொல்ல முடியாதில்ல? வலைய ஊருக்கு குடுத்தா என்ன ஆகுதுங்கிறது வேற கேள்வி. நான் மூணு வருசமா கவுண்டர்ல பாத்தது அந்த ரெண்டாவது கேள்விக்கான பதிலத்தான்.

இதுல கொரோனா காலத்துல நடந்ததுன்னா பங்களாதேஷ் ஆய்வு ஒண்ணு இருக்கு, நம்ம ஊருக்கு அதுதான் பக்கம். 600 கிராமம், மூணு லட்சத்துக்கு மேல பெரியவங்க. பாதி கிராமத்துல மாஸ்க்க வீட்டுக்கே கொண்டுபோய் ஓசியில குடுத்து, எப்படி போடணும்னு காட்டி, ஊர்ப் பெரியவங்க, பள்ளிவாசல் இமாம்னு முன்னாடி இருக்கிறவங்கள போட வச்சு, சந்தையிலயும் டீக்கடையிலயும் ஆள நிறுத்தி போடாதவங்கள நயமா போடச்சொன்னாங்க. மத்த கிராமத்துல ஒழுங்கா போட்டவங்க 13 சதவீதம், இங்க 42. போனுக்கு மெசேஜ் அனுப்புனது, பரிசு தர்றோம்னு சொன்னது இதெல்லாம் மேற்கொண்டு ஒண்ணும் கூட்டல. நேர்ல நின்னு ஒரு மனுசன் சொன்னதுதான் வேலை செஞ்சிருக்கு. நோய் எவ்வளவு கொறஞ்சுச்சுன்னா, சர்ஜிக்கல் மாஸ்க் குடுத்த ஊர்கள்ல அறிகுறியோட வந்து ரத்தப் பரிசோதனையில உறுதியான தொற்று சுமார் 11 சதவீதம் கொறவு, 60 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு 35 சதவீதம் கிட்ட. துணி மாஸ்க்குக்கு அந்த அளவு உறுதியா சொல்ல முடியல.

42 சதவீதம் போட்டதுக்கே இது. கவனிங்க, அங்கயும் பாதிக்கு மேல போடல.

15 பிப்ரவரி

ஒண்ணு விட்டுப்போச்சு. "மாஸ்க் போட்டா தைரியம் வந்து கூட்டத்துல போய் ஒட்டி நிப்பாங்க"ன்னு ஆரம்பத்துல பெரிய படிப்பு படிச்சவங்களே சொன்னாங்க. பங்களாதேஷ்ல அதுக்கு நேர்மாறு, மாஸ்க் போட்ட கிராமங்கள்ல தள்ளி நின்னவங்களும் கொஞ்சம் கூடத்தான் இருந்தாங்க. கடையிலயும் நான் பாத்தது அதான், மாஸ்க்க ஒழுங்கா போட்டவரு பின்னாடி நிக்கிறவர திரும்பிப் பாத்து "கொஞ்சம் தள்ளுங்கண்ணே"ம்பாரு. போடாதவருதான் வந்து இடிப்பாரு.

19 பிப்ரவரி 2023

தட்டுப்பாடு காலத்த பத்தி ஒரு தம்பி கேட்டிருந்தாரு. 2020 மார்ச். அதுவரைக்கும் மாஸ்க்க யாரு கேட்டு வந்தா? ஆபரேசன் முடிஞ்சவங்க, பெயிண்ட் அடிக்கிறவங்க, மாவு மில்லுக்காரங்க. ஒரு பெட்டி வாங்குனா மாசக்கணக்குல கெடக்கும். திடீர்னு எல்லாரும் கேக்குறாங்க, மொத்த வியாபாரி சொல்ற வெலை காலையில ஒண்ணு சாயந்தரம் ஒண்ணு. மத்திய அரசு மாஸ்க்கையும் சானிடைசரையும் அத்தியாவசியப் பொருள் பட்டியல்ல சேத்துச்சு, அப்புறம் ரெண்டடுக்கு 8 ரூபா, மூணடுக்கு 10 ரூபாய்க்கு மேல விக்கக்கூடாதுன்னு உச்சவரம்பு போட்டுச்சு. நாங்க வாங்குற வெலையே அதுக்கு மேல இருந்த நாட்கள் உண்டு. அந்த நாள்ல இல்லைன்னு சொல்லி அனுப்புறதத் தவிர வழியில்ல, அப்படி அனுப்புனதுல டயாலிசிஸ் போறவரு வீட்டு அம்மாவும் இருந்தாங்க, அது இன்னும் மனசுல கெடக்கு.

அப்புறம் தெருவுக்குத் தெரு டெய்லருங்க தைக்க ஆரம்பிச்சாங்க. மகளிர் குழுவுல தைச்சாங்க, திருப்பூர் பனியன் துணியில மூட்டை மூட்டையா வந்துச்சு. சுடிதாருக்கு மேட்சா, கட்சிக்கொடி கலர்ல, மீசை அச்சடிச்சது, வெள்ளியில செஞ்சது வரைக்கும் வந்துச்சு. 2020 ஜூன் கடைசியில மதுரைக்கும் முழு ஊரடங்கு போட்டாங்கல்ல, அதையொட்டி இங்க ஒரு ஓட்டல்ல மாஸ்க் மாதிரியே பரோட்டா வீசி வித்தாங்க, நாடெல்லாம் செய்தி ஆச்சு. சிரிச்சாலும் அந்த ஓட்டல்காரர நான் மெச்சுறேன். பரோட்டாவ பாத்தவன் மாஸ்க்க ஒரு தடவ நெனச்சிருப்பான்ல.

அதே சமயம் ரேசன் கடையில ஆளுக்கு ரெண்டு துவைக்கிற மாஸ்க் ஓசியா குடுத்தாங்க. நல்ல காரியம். துணி மெல்லிசுன்னு பலர் கொறை சொன்னாங்க, ஆனா அதுவரைக்கும் சேலைத் தலைப்ப வச்சு மூடிட்டு இருந்த பாட்டிமாருக்கு கையில ஒண்ணு வந்துச்சு. உலக சுகாதார அமைப்பு 2020 ஜூன் 5ம் தேதிதான் துணி மாஸ்க்குக்கு மூணு அடுக்கு வேணும்னே சொல்லுது: உள்ள பருத்தி, நடுவுல வடிகட்டுற மாதிரி ஒரு அடுக்கு, வெளிய தண்ணி ஒட்டாத துணி. அதுக்கு முன்னாடி வரைக்கும் நோய் இல்லாதவங்க மாஸ்க் போடத் தேவையில்லைன்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க. ஜனங்களுக்கு சந்தேகம் வந்ததுல அவங்க பேச்சு மாறுனதுக்கும் பங்கு இருக்கு.

20 பிப்ரவரி 2023

மூக்கு. இத தனியா எழுதணும்.

2021 மே மாசம், ரெண்டாவது அலை உச்சத்துல, மத்திய சுகாதாரத் துறை 25 நகரத்துல எடுத்த ஒரு கணக்க சொல்லுச்சு. பாதிப்பேர் மாஸ்க்கே போடல. போட்ட மீதிப்பேர்ல 64 சதவீதம் வாய மட்டும் மூடியிருக்காங்க, மூக்கு வெளிய. 20 சதவீதம் தாடையில. 2 சதவீதம் கழுத்துல. மூக்கு வாய் தாடை மூணும் மூடுனவங்க 14 சதவீதம். தமிழ்நாட்டுல மே 21ம் தேதி ஒரே நாள்ல 36 ஆயிரத்த தாண்டுன வாரம் அது.

ஏன் மூக்க விட்டாங்கன்னா கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்து எனக்குத் தெரிஞ்ச காரணங்கள்: முதல்ல வெயில். அக்னி நட்சத்திரத்துல மதுரையில மாஸ்க் அரை மணி நேரத்துல நனைஞ்சிரும், நனைஞ்ச துணி வழியா மூச்சு இழுக்கிறது கொடுமை. ரெண்டாவது கண்ணாடி போட்டவங்களுக்கு ஆவி அடிச்சு ஒண்ணும் தெரியாது, பேருந்து நம்பர் கூட படிக்க முடியாது. துணி மாஸ்க்ல மூக்குக்கம்பி இருக்காது, சர்ஜிக்கல்ல இருக்கும், அத மூக்கோட அழுத்தணும்னு யாரும் சொல்லிக் குடுக்கல. நான் ஒவ்வொருத்தருக்கும் அழுத்திக் காட்டுவேன். "அட, இதுக்குத்தானா இந்தக் கம்பி"ன்னு ஆச்சரியப்பட்டவங்க எத்தனையோ பேர், ஒரு வருசமா போட்டுட்டு இருந்தவங்க அவங்க எல்லாம். மூணாவது, பேசுறதும் துப்புறதும் தும்முறதும்தான் நோய பரப்பும்னு எல்லாரும் நம்புனாங்க, மூச்சு விடுறதும் பரப்பும்ங்கிறது மண்டையில ஏறவே இல்ல.

வால்வு வச்ச என் 95 மாஸ்க் இன்னொரு தொல்லை. சுலபமா மூச்சு விடலாம்னு அதத்தான் கேட்டு வாங்குவாங்க. உள்ள வர்ற காத்த அது வடிகட்டும், வெளிய போற மூச்ச அப்படியே விட்டுரும், நோய் இருக்கிறவரு போட்டா பக்கத்துல இருக்கிறவங்களுக்கு காப்பு இல்ல. 2020 ஜூலையிலயே மத்திய சுகாதாரத் துறை வேணாம்னு சொல்லிருச்சு. அப்புறமும் வெலை கூட இருக்கு, பாக்க கம்பீரமா இருக்கு, அதனால ஒசத்தின்னு கேட்டாங்க.

21 பிப்ரவரி

பினாங்குல இருந்து ஒரு அண்ணன் ஞாபகப்படுத்துனதுக்கு நன்றி. ஆமா, டாக்டர் வூ லியன் தே உங்க ஊர்க்காரர்தான். 1910 கடைசியில சீனாவுல மஞ்சூரியா பக்கம் நுரையீரல் பிளேக் வந்தப்ப, இது மூச்சுக்காத்துல பரவுதுன்னு சொல்லி பஞ்சும் மெல்லிய துணியும் வச்சு மாஸ்க் தைச்சு போடச்சொன்னவரு. மெஸ்னின்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் அத ஒத்துக்காம, மாஸ்க் போடாம வார்டுக்குப் போய், அந்த நோயிலயே செத்தாரு. அப்புறம் 1918 ப்ளூவுல சான் பிரான்சிஸ்கோவுல கட்டாய மாஸ்க், 1919 ஜனவரியில அத எதிர்த்து ஒரு சங்கமே வச்சாங்க. நம்ம சண்டை எதுவும் புதுசு இல்ல.

27 பிப்ரவரி 2023

ரெண்டு நாளா எழுதலாமா வேணாமான்னு இருந்தேன்.

முதல் குறிப்புல தெரிஞ்சவங்ககிட்ட பேசும்போது மாஸ்க் இறங்கும்னு எழுதியிருந்தேன்ல, அத இன்னும் கொஞ்சம் யோசிச்சேன். அது கவுண்டரோட நிக்கிற விசயமில்ல. நம்ம எல்லாரும் அந்நியனப் பாத்துத்தான் பயந்தோம். பஸ்ல பக்கத்து சீட்டுக்காரன், மார்க்கெட்ல காய்காரம்மா, வெளியூர்ல இருந்து வந்தவன், இவங்ககிட்ட போட்டோம். சொந்தக்காரன், கூட்டாளி, பக்கத்து வீட்டுக்காரன், இவங்கள்லாம் "நம்ம ஆளு", இவங்ககிட்ட இருந்து நோய் வரும்னு மனசு ஒத்துக்கல. சித்தப்பா வீட்டுக்கு வந்தா மாஸ்க் போட்டுட்டு கதவத் தொறக்க முடியுமா? அவரு மனசு என்ன பாடுபடும்? ஆனா பஸ்ல பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட நம்ம ஒரு வார்த்தை பேசுறதில்ல. சித்தப்பாகூட மூணு மணி நேரம், ஜன்னல் சாத்துன ஏசி ரூம்ல, சிரிச்சு சத்தம் போட்டு பேசுறோம், ஒரே எலையடியில சாப்பிடுறோம். வைரஸுக்கு எது வசதி?

2021 ஏப்ரல், தேர்தல் முடிஞ்ச வாரங்கள். பிரச்சார மேடையில தலைவருங்க மாஸ்க்க தாடைக்கு இறக்கித்தான் மைக்க பிடிச்சாங்க, ஜனங்க அத பாத்துட்டுத்தான் இருந்தாங்க. அந்த சமயத்துல எங்க தெருவுல ஒரு காதுகுத்து. வாசல்ல சானிடைசர், ஒரு தட்டுல மாஸ்க், எல்லாம் மொறைப்படி. போட்டோகிராபர் வந்து "மாஸ்க் எல்லாம் எடுத்துருங்க, மூஞ்சி தெரியணும்"னாரு. எல்லாரும் எடுத்தாங்க, எடுத்தது திரும்ப ஏறல, போட்டோவுக்கு ஒட்டி ஒட்டி நின்னாங்க. யாரால யாருக்கு வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது, நானும் சொல்லல. ஆனா அடுத்த ரெண்டு வாரத்துல அந்த போட்டோவுல இருந்த வீடுகள்ல இருந்துதான் எனக்கு வரிசையா சீட்டு வந்துச்சு, பாராசிட்டமால், ஜிங்க், வைட்டமின் சி, ஆக்ஸிமீட்டர் இருக்கான்னு கேட்டு போன். அதுல ஒரு அத்தை திரும்பி வரல. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அவங்க கையால சாப்பிட்டவன் நான்.

அதனாலதான் "போலீஸுக்காகத்தான போட்டோம்"னு கேக்கும்போது எனக்கு வலிக்குது. போலீஸ் நிக்காத எடத்துல, நமக்கு வேண்டியவங்களுக்காக போட்டிருக்கணும்.

12 மார்ச் 2023

காக்ரேன் அறிக்கை பத்தி புதுசா ஒண்ணு. அவங்களோட தலைமை ஆசிரியரே மார்ச் 10ம் தேதி விளக்கம் குடுத்திருக்காங்க. "மாஸ்க் வேலை செய்யாது"ன்னு இந்த அறிக்கை சொல்றதா எடுத்துக்கிறது தப்பு, மாஸ்க் போடச்சொல்லி ஊக்குவிச்சா தொற்று கொறையுதாங்கிறதத்தான் பாத்தோம், அதுக்கும் முடிவா சொல்ற அளவு ஆதாரம் பத்தலைன்னு. நான் பிப்ரவரி 15ம் தேதி எழுதுனதோட இத சேத்து படிச்சுக்கங்க. அதுக்காக "பாத்தியா மாஸ்க் ஜெயிச்சிருச்சு"ன்னும் யாரும் கெளம்ப வேணாம். ஆதாரம் பத்தலைன்னா பத்தலைன்னுதான் அர்த்தம். மாஸ்க் துணி என்ன வடிகட்டுதுங்கிறது லேபுல அளந்த விசயம், நல்லா பொருந்துன என் 95 ரொம்ப பொடித் துகள்லயே 95 சதவீதத்த நிறுத்தும். ஒரு ஊர போட வச்சு அதுல நோய் எவ்வளவு கொறையும்ங்கிறது நம்ம நடத்தைய பொறுத்தது, அது இன்னும் தெளிவா தெரியல.

2 ஏப்ரல் 2023

நேத்துல இருந்து தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகள்ல மாஸ்க் திரும்ப கட்டாயம். கடையில ஒத்தை மாஸ்க் கேட்டு வர்றாங்க, வாங்கி பையில வச்சுக்கிட்டு "உள்ள போகும்போது போட்டுக்கறேன்"ம்பாங்க. இந்த தடவ நான் ஒண்ணு செஞ்சு பாக்குறேன்: மாஸ்க்க கவுண்டர்ல வைக்காம, பிரிச்சு காதுல மாட்டுற மாதிரி கையில குடுக்குறேன், "ஆஸ்பத்திரியில நோயாளி பக்கத்துல உக்காந்து பேசும்போதும் எடுக்காதீங்கக்கா"ன்னு ஒரு வார்த்தை சொல்றேன். திட்டுனா யாரும் போடுறதில்ல, கையில குடுத்தா போடுறாங்க. பங்களாதேஷ்ல சந்தையில நின்னவங்க செஞ்சதும் இதான.

6 மே 2023

நேத்து விடியக்காலை அழகர் ஆத்துல இறங்குனாரு. அதே நாள் ராத்திரி உலக சுகாதார அமைப்பு கொரோனா அவசரநிலை முடிஞ்சதா அறிவிச்சிருச்சு. 2020லயும் 21லயும் சித்திரைத் திருவிழாவ செல்போன்ல பாத்த ஊருங்க இது, மீனாட்சி கல்யாணத்துக்கு கூட டிவி முன்னாடி நின்னு தாலி மாத்துன ஊரு. நேத்து வைகையில அத்தன ஜனம், மாஸ்க்க தேடுனாலும் ஒண்ணு ரெண்டுதான். எனக்கு அதுல வருத்தமில்ல, தெறந்த வெளி, ஆத்துக்காத்து, சந்தோசமா இருந்துச்சு. மாஸ்க் தேவைப்படுறது அங்க இல்ல, இருமிட்டு இருக்கிறவரு சாத்துன ரூம்ல பச்சப்புள்ளையோட படுக்கிறாரு பாருங்க, அங்க.

9 மே 2023

ஒரு அக்கா கேட்டிருக்காங்க, வீட்டுக்காரருக்கு டிபி, மருந்து ஆரம்பிச்சிருக்கு, அவரு மாஸ்க் போட்டா பஸ்ல பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்குறாங்க, அதனால போட வெக்கப்படுறாருன்னு. கொரோனாவுக்கு முன்னாடி இதுதான் நெலமை, மாஸ்க் போட்டவன்னா சீக்காளி. நடுவுல எல்லாரும் போட்டதால அவங்களும் கூட்டத்தோட கூட்டமா யாரும் உத்துப் பாக்காம போய் வந்தாங்க. இப்ப திரும்ப தனியா தெரியுறாங்க. ஊரு மாஸ்க்க கழட்டுனதுல எனக்கு உள்ள ஒரே மனக்கொறை இதுதான்.

அக்கா, அவரு சாதா சர்ஜிக்கல் மாஸ்க் போட்டா போதும், அவரு மூச்சு வெளிய வராம தடுக்கத்தான் அது. உங்களுக்குத்தான் நல்ல என் 95 வேணும், வால்வு இல்லாதது, அவரு பக்கத்துல ரொம்ப நேரம் இருக்கும்போது. மருந்து ஒழுங்கா சாப்பிட்டா கொஞ்ச வாரத்துலயே பரப்புற தன்மை நல்லா கொறைஞ்சிரும், ஆனா மாஸ்க்க எப்ப நிறுத்தலாம்னு டாக்டர்தான் சொல்லணும், மருந்த முழுசா, கொறைஞ்சது ஆறு மாசம், ஒரு நாள் விடாம சாப்பிடணும். படுக்கிற ரூம் ஜன்னல தொறந்தே வைங்க. பஸ்ல அவருகூட நீங்களும் ஒண்ணு போட்டுக்கங்க, ரெண்டு பேரா போட்டா அவருக்கு கூச்சம் கொறையும். புள்ளைங்கள டிபி பரிசோதனைக்கு கூட்டிட்டு போனீங்களான்னு எழுதல, போகலன்னா இந்த வாரமே அரசு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, காசு கெடையாது.